ஓர் உண்மைக்கு ஓர் இடம்

ஒரு நூலகத்தில் நூல் வழங்குந்தோறும் உறுப்பினரின் முகவரியையும் பேரேட்டில் எழுதி வருவதாகக் கொள்வோம். ஒருவர் இருபது நூல்கள் பெற்றால், அவர் முகவரி இருபது இடங்களில் அமையும். அவர் வீடு மாறியபின் ஓரிடத்தில் திருத்த மறந்தாலும் ஏடு தன்னொடு தானே முரண்படும். நூலைத் திருப்பக் கோரும் கடிதம் பழைய வீட்டிற்குச் செல்லும். அறியாதவர் தண்டம் செலுத்த நேரும்.

கணினியில் சேர்த்து வைக்கும் செய்தித் தொகுதியைத் தரவுத்தளம் என்பர். அதிலும் இவ்விடர் உண்டு. தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் முறையை, இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இம்முறைப்படி உறுப்பினர்க்கு ஓர் அட்டவணையும் நூல்களுக்கு மற்றோர் அட்டவணையும் அமையும். ஒவ்வோர் உறுப்பினர்க்கும் ஒவ்வொரு நூலுக்கும் தனி எண் உண்டு, அதுவே திறவுகோல். இரவல் அட்டவணையில் இவ்விரு எண்களும் நாளுமே இடம்பெறும். முகவரி மாறின், உறுப்பினர் அட்டவணையில் ஒருமுறை திருத்தினால் போதும்.

அட்டவணைகளை வகுக்குமுன் பொருள்கள் யாவை, அவற்றிடை உறவு யாது எனத் தெளிதல் வேண்டும். இதனைப் படமாக வரையும் முறையைப் பீட்டர் சென் என்பார் 1976இல் வகுத்தளித்தார். உறுப்பினரும் நூலும் பொருள்கள். அவற்றைக் கட்டங்களாக வரைவர். பெயரும் முகவரியும் உறுப்பினரின் பண்புகள். இரவல் பெறுதல் உறவு. அதனைச் சாய்சதுரமாக வரைந்து கோடுகளால் இணைப்பர்.

வங்கிக் கணக்கு முதலாகப் பலவும் இன்று இத்தகைய அட்டவணைகளில் உள்ளன. ஓர் உண்மையை ஓரிடத்திலேயே எழுதிக் காத்தல், அதனை நம்பி வாழ்வோர்க்கு நாம் செய்யும் நீதியாகும்.