பிள்ளைகளின் நடைக்கேற்ப: குடும்பமாக மலைக்குப் போகிறவர்களுக்கு



முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி, "இந்த வருடம் எங்கே போகிறோம்?" என்பதுதான். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு என்று பெயர்கள் அடிபடும். கடன் வாங்கியாவது பிள்ளைகளை ஒருமுறை மலைக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் போய் வந்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருந்தது சாமி, ஆனா உடம்பு ரெண்டு நாளா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள்.

ஏன் இப்படி? இரவு முழுவதும் வேனில் பயணம். விடிந்ததும் முதல் இடம். இறங்கிப் படம் எடுத்து, பஜ்ஜி சாப்பிட்டு, மீண்டும் வேன். ஒரே நாளில் எட்டு, பத்து இடங்கள். வேனுக்குள் ஆளுக்கொரு கைப்பேசி. இரவில் ஆண்கள் மதுப்புட்டியோடு ஓர் அறையில். பெண்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களோடு இன்னோர் அறையில். மலைக்குப் போனோம், மலையைப் பார்த்தோம். ஆனால் குடும்பமாக எதையும் செய்யவில்லை. ஓய்வும் இல்லை, உடல்நலமும் இல்லை, உறவும் வளரவில்லை.

விடுமுறைப் பயணம் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அருளின் காலமாக அமைய முடியும். அதற்கு என்ன செய்யலாம்?

ஓய்வு இறைவனின் கொடை

பணியிலிருந்து திரும்பிய சீடர்களைப் பார்த்து, தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்க அழைத்தவர் நம் ஆண்டவர் இயேசு (மாற்கு 6:31). உண்பதற்குக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அதே வசனம் கூறுகிறது. நம் வீடுகளிலும் இதே நிலைதானே!

இறைவாக்கினர் எலியாவை எண்ணிப் பாருங்கள் (1 அரசர் 19). மனம் உடைந்து, சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் அடியில் படுத்தவருக்கு வானதூதர் முதலில் அறிவுரை சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன்பின் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். அங்கே மெல்லிய ஒலியில் இறைவனைக் கேட்டார். உணவு, தூக்கம், நடை, மலை, மௌனம், இறைவன் என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள். உடலைத் தேற்றியபின்தான் இறைவன் அவரோடு பேசுகிறார்.

யாக்கோபு சொன்ன பாடம்

குடும்பப் பயணத்துக்கு மிகவும் பொருந்தும் பகுதி தொடக்கநூல் 33ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்த ஏசா, "புறப்படு, சேர்ந்து போவோம்" என்று தன் தம்பியை அழைக்கிறார். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளம் வயதினர், மந்தையிலோ பால்கொடுக்கும் ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் அவை மடிந்துபோகும் என்கிறார். அண்ணன் முன்னே போகட்டும், பிள்ளைகளின் நடைக்கேற்ப, மந்தையின் நடைக்கேற்ப, தாம் மெதுவாக வருவதாகச் சொல்கிறார் (33:13-14).

வாழ்நாள் முழுவதும் முந்திப் போவதிலேயே குறியாய் இருந்தவர் யாக்கோபு. பிறக்கும்போதே அண்ணனின் குதிங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தவர். அவர் இப்போது பிள்ளைகளின் காலடிக்குத் தன் காலடியைக் குறைக்கிறார். தந்தை என்பவர் யார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

சமவெளியில் நம் வீடுகள் வேகமானவரின் வேகத்தில் ஓடுகின்றன. அலுவலகத்தின் வேகம், டியூஷனின் வேகம், வட்டிக்காரரின் வேகம். பின்தங்குகிறவர் திட்டு வாங்குகிறார். மலைப்பாதை இதை மாற்றிவிடுகிறது. பாட்டிக்கு மூச்சு வாங்கினால் எல்லாரும் நிற்கவேண்டும். சின்னவன் கால் வலிக்கிறது என்றால் அப்பா தோளில் தூக்கவேண்டும். பலவீனமானவரின் நடையே குடும்பத்தின் நடையாகிறது. இதைப் பழகுவதற்காகவே ஒருமுறை மலைக்குப் போகலாம்.

ஒரே கூரையின்கீழ் அறியாதவர்கள்

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ, கார்லோ அகுத்திசுடன் சேர்த்துப் புனிதராக உயர்த்திய பியர் ஜோர்ஜோ ஃபிரசாத்தி, மலையேற்றத்தை மிகவும் விரும்பியவர். 1901இல் இத்தாலியின் டூரின் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை செய்தித்தாள் அதிபர். நண்பர்களோடு ஆல்ப்ஸ் மலைக்கு ஏறுவார், வழியில் செபமாலை சொல்வார், நகருக்குத் திரும்பியதும் வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினராக ஏழைகளின் வீடுகளைத் தேடிப் போவார். 1925 ஜூலை 4 அன்று, 24 வயதில், இளம்பிள்ளை வாதத்தால் இறந்தார். அவருடைய அடக்கச் சடங்குக்கு ஏழைகள் திரளாக வந்தபோதுதான் தங்கள் மகன் யார் என்பது பெற்றோருக்குப் புரிந்தது.

ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்ட மகனைப் பெற்றோர் அறியவில்லை! இன்று நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம்? மகள் யாரோடு பேசுகிறாள், மகன் எதற்கு அஞ்சுகிறான், மனைவிக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாமலே ஆண்டுகள் ஓடுகின்றன. எதிரே உட்கார வைத்துக் கேட்டால் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் நடந்தால் தாமாகவே பேசுவார்கள். முகத்தைப் பார்க்காமல் பாதையைப் பார்த்துக்கொண்டே சொல்வது அவர்களுக்கு எளிது.

இதை நன்கு அறிந்தவர் புனித இரண்டாம் யோவான் பவுல். போலந்தில் இளம் குருவாக இருந்தபோது மாணவர்களையும் இளம் தம்பதியரையும் மலைகளுக்கும் ஏரிகளுக்கும் அழைத்துப் போவார். கம்யூனிச ஆட்சியில் குருக்கள் இளைஞர் குழுக்களை நடத்தத் தடை இருந்ததால், அவர்கள் அவரை "மாமா" என்று அழைத்தார்கள். கவிழ்த்து வைத்த படகே திருப்பலிப் பீடம். காதல், திருமணம் பற்றிய அவருடைய சிந்தனைகள் இந்தப் பயணங்களின் உரையாடல்களில் வளர்ந்தன. 1958இல் துணை ஆயராக நியமிக்கப்பட்ட செய்திக்காக அழைக்கப்பட்டபோதும் அவர் இளைஞர்களோடு படகுப் பயணத்தில்தான் இருந்தார். திருத்தந்தையான பின்பும் பல கோடைகளில் வட இத்தாலியின் மலைகளுக்குப் போய் ஓய்வெடுத்தார்.

உடல் ஆண்டவருடைய ஆலயம்

உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த விலைமதிப்பற்ற கொடைகள் என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது (எண் 2288). அதே வேளையில் உடலையே தெய்வமாக்கும் போக்கையும் அது எச்சரிக்கிறது (எண் 2289). இரண்டும் நமக்குத் தேவை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும், பள்ளிப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமும் உடலை அசைக்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? மலையில் நடக்கும் மூன்று நாள் இந்தப் பழக்கத்துக்குத் தொடக்கமாக இருக்கட்டும்.

சில நடைமுறைக் குறிப்புகள்:

1. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எனவே முதல் நாள் மூச்சு வாங்குவது இயல்பு. போன அன்று ஓய்வு, அடுத்த நாள் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கும் அதிகம் நடந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை இருக்கட்டும்.

3. குளிரில் தாகம் தெரியாது. இருந்தாலும் தண்ணீர் குடியுங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம். ஒரு கைத்தடி உதவும்.

4. எளிதான பாதையில் தொடங்குங்கள். ஏரியைச் சுற்றினால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கூட்டம் குறைவு. 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். முதியவர்களும் நடக்கலாம்.

5. பொரித்த பலகாரங்களுக்குப் பதில் மலைவாழை, பேரிக்காய், காரட், அவித்த கடலை வாங்குங்கள். அங்கே விளைகிறவற்றை வாங்கினால் அங்குள்ள விவசாயிக்கும் வருமானம்.

6. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்ததை மறக்கக்கூடாது. 2024இல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு முறைப்படி அறிமுகப்படுத்தியது. வனத்துறை மூடியிருக்கும் காலத்தில் அவற்றிலும் போகக்கூடாது.

ஆண்டவருடைய நாளுக்கு விடுமுறை இல்லை

ஊருக்குப் போனால் ஞாயிறு திருப்பலி தவறிப்போவது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள சலேத் மாதா ஆலயத்தை நினைவில் கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயம் அது. ஆகஸ்டு 15ஆம் நாளையொட்டித் திருவிழா நடக்கிறது.

சலேத் என்பது பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள இடம். 1846 செப்டம்பர் 19 அன்று, மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்னும் இரு ஏழைப் பிள்ளைகளுக்கு அன்னை மரியா அழுதபடி காட்சி தந்தார். மக்கள் ஞாயிறு ஓய்வை மதிக்காததும் அன்னையின் வருத்தங்களுள் ஒன்று. ஓய்வுக்காக மலைக்குப் போகிறவர்கள் ஓய்வு நாளின் ஆண்டவரை மறக்கலாமா? ஞாயிறன்று பயணம் இருந்தால் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடன் நிறைவேறும். இரவில் அறையில் ஒருமுறை குடும்ப செபமாலை சொல்லுங்கள்.

மலை பிறருக்கும் சொந்தம்

மோட்டார் சாலை வருவதற்கு முன் வசதியானவர்களை டோலியில் வைத்து ஏழைத் தொழிலாளர்கள் கொடைமலைக்குத் தூக்கிச் சென்றார்கள். இன்றும் நம் ஓய்வுக்குப் பின்னால் பிறருடைய உழைப்பு இருக்கிறது. அறையைத் துடைக்கும் பெண், குளிரில் தேநீர் விற்கும் முதியவர், இரவெல்லாம் வண்டி ஓட்டிய ஓட்டுநர். ஓட்டுநரையும் நம்மோடு உட்காரவைத்துச் சாப்பாடு கொடுங்கள். அவர் தூங்குவதற்கு நல்ல இடம் கேட்டு வாங்குங்கள். அது அறச்செயல் மட்டுமல்ல, உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பும்கூட.

நெரிசல் தாங்காமல் 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை உயர்நீதிமன்ற உத்தரவின்படி கொண்டுவரப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 முதல் தமிழகத்தில் தடை உண்டு. வீட்டிலிருந்தே தண்ணீர்ப் புட்டியும் துணிப்பையும் கொண்டுபோங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட "லௌதாத்தோ சி" சுற்றுமடல், படைப்பைப் பேணுவதையும் ஞாயிறு ஓய்வையும் சேர்த்தே பேசுகிறது (எண் 237). இறைவனின் வீட்டில் நாம் விருந்தினர். விருந்தினர் குப்பை போடுவாரா?

போக முடியாதவர்கள்

இதை வாசிக்கும் சிலருக்கு, "எங்களுக்கு ஏது சாமி மலையும் விடுமுறையும்?" என்று தோன்றலாம். உண்மைதான். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீடுகள் நம் பங்கிலும் உள்ளன. கடன் வாங்கி மலைக்குப் போகவேண்டாம். அருகில் உள்ள குன்று, கண்மாய்க்கரை, கடற்கரை எதுவானாலும் போதும். ஞாயிறு மாலை கைப்பேசிகளை வீட்டில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் குடும்பமாக நடந்து பாருங்கள். வசதி உள்ளவர்கள், அன்பியத்தில் உள்ள ஒரு ஏழைக் குடும்பத்தின் பிள்ளையையும் தங்கள் பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இறங்கி வருதல்

உருமாற்ற மலையில் பேதுருவுக்குக் கூடாரம் போட்டுத் தங்கிவிட ஆசை. இயேசுவோ அவர்களை மறுநாள் கீழே அழைத்து வந்தார். அங்கே நோயுற்ற மகனோடு ஒரு தந்தை காத்திருந்தார் (லூக்கா 9:28-42). நமக்கும் கீழே வேலை காத்திருக்கிறது. மலையில் கற்ற மெதுவான நடையைக் கீழேயும் கொண்டுவருவோம்.

சிந்தனைக்கு:

1. நம் வீட்டில் இப்போது யாருடைய வேகத்தில் எல்லாரும் ஓடுகிறோம்?

2. நம் குடும்பத்தில் பின்தங்கி மூச்சு வாங்குகிறவர் யார்? அவருக்காக நின்றிருக்கிறோமா?

3. திரும்பி வந்தபின் வாரத்தில் எந்த நாள் மாலை சேர்ந்து நடக்கப் போகிறோம்?

எம்மாவுக்குச் சென்ற இருவரோடு அவர்களின் நடைக்கேற்ப நடந்த ஆண்டவர், உங்கள் குடும்பத்தோடும் நடந்து உங்களை ஆசீர்வதிப்பாராக!