மாசிக்காய்... காயே இல்ல பாஸ்!

"டேய், ஓட்டை விழாததா பார்த்துப் பொறுக்கிட்டு வா!"

பாட்டி கேட் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினாங்க. அக்காவுக்குக் குழந்தை பிறந்து மூணு வாரம். உரை மருந்துக்கு வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய்னு ஒரு லிஸ்ட். அடையாறுலேர்ந்து கிளம்பி, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுல நூறு வருஷம் தாண்டியும் பிஸியா இருக்கிற டப்பா செட்டி கடைக்குப் போனேன். மாசிக்காய் கோலிகுண்டு சைஸ்ல, முண்டும் முடிச்சுமா இருந்தது. சிலதுல ரீஃபில் நுழையற அளவுக்கு ஓட்டை.

வீட்டுக்கு வந்தா ட்விஸ்ட்! ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் அதேதான். அக்கா ஸ்ட்ராங்கா நின்னுட்டா. "உங்கம்மாவை இதைக் கொடுத்துதான்டா வளர்த்தேன்"னு பாட்டி முகம் வாடிப்போச்சு.

மிச்சமிருந்த மாசிக்காயோட நான் ரூமுக்குள்ள போய்ப் படிச்சுப் பார்த்தா... செம ஷாக்! இது காயே இல்ல. துருக்கி, சிரியா, ஈரான், கிரீஸ் பக்கம் வளர்ற, இலை உதிர்க்கிற ஒரு வகை ஓக் மரம். அதோட மொட்டுல ஒரு குட்டிக் குளவி முட்டை போடும். புழுவைச் சுத்தி மரம் வீங்கிக்கிற உருண்டைதான் மாசிக்காய். குளவி வளர்ந்து குடைஞ்சு வெளியேறின வழிதான் ஓட்டை!

இதுல பாதிக்கும் மேல டானின். தோல் பதனிட, துணிக்குச் சாயம் ஏத்த, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கன்னு பல நூறு வருஷமா பயன்படுது. மலேசியாவுல 'மஞ்சகனி'ங்கிற பேர்ல பிரசவமான பெண்களுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. சிரியாவின் அலெப்போ நகரம் வழியா ஐரோப்பாவுக்கும் போச்சு. எதுக்கு? மை தயாரிக்க! லியோனார்டோ டாவின்சியின் குறிப்புகள், பாக்கின் இசைத் தாள்கள் எல்லாம் இந்த வகை மையில் எழுதினதுதான்.

குளவி வெளியேறும் முன்னாடி பறிச்சதுலதான் டானின் அதிகமாம். அடடா, பாட்டி சொன்ன அதே டெஸ்ட்! ஓடிப்போய்ச் சொன்னேன். "ஓட்டை விழுந்தா சத்து போயிடும்னு எங்கம்மாவே சொல்லியிருக்காங்களே"ன்னு சாதாரணமா சொன்னாங்க.

மறுநாள் அதே நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அன்னபேதி, கருவேலம் பிசின் வாங்கினேன். நம்ம கெமிஸ்ட்ரி லேப் ஃபெரஸ் சல்ஃபேட்தான் அன்னபேதி. மாசிக்காயை இடிச்சுக் கொதிக்கவெச்சு, வடிகட்டி, அன்னபேதியும் பிசினும் கலந்தேன். (வாயில வெச்சுடாதீங்க மக்களே!) முதல்ல வெளிறின சாம்பல் கலர். காத்து பட்டு இரும்பு ஆக்சிஜனோட சேரச் சேர, கன்னங்கரேல்!

அந்த மையைத் தொட்டு, பாப்பா பிறந்த நாள், நேரம், நட்சத்திரம் எல்லாத்தையும் நோட்டுல எழுதினது யார் தெரியுமா? பாட்டிதான்.

குழந்தை வாய்க்குப் போகாட்டி என்ன, ஓட்டை விழாத மாசிக்காய் வீண் போகலை!