தொலைந்த அட்டையும் டிஜிட்டல் அடையாளமும்

டிஜிட்டல் அடையாளத்தில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. ஒருவர் இன்னார் என்று பதிவு செய்வது ஒன்று. பின்னொரு நாள் வந்து நிற்பவர் அதே ஆள்தானா என்று உறுதிப்படுத்துவது மற்றொன்று. முதலாவது அடையாளப் பதிவு, இரண்டாவது அடையாளச் சரிபார்ப்பு. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் கட்டப்படும் செயலிகள் ஏராளம். இலங்கையில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தேசிய அடையாள அட்டை எண்ணில்தான் தொடங்குகிறது.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ் ஆட்பதிவுத் திணைக்களம் இந்த அட்டையை வழங்குகிறது. பழைய எண்ணில் 9 இலக்கங்களும் இறுதியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் பிறந்தது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்ணானால் அதனுடன் 500 கூட்டப்படும். பிறகு மூன்று இலக்கத் தொடரெண், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். 2016 முதல் எண் 12 இலக்கமானது. ஆண்டும் தொடரெண்ணும் நான்கு நான்கு இலக்கங்களாக விரிந்தன, எழுத்து நீங்கியது.

நிரல் எழுதுவோர் இங்கே அடிக்கடி இடறுகிறார்கள். நாட்கணக்கில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாட்களாகவே கொள்ளப்படுகிறது. எனவே 1990 மார்ச் 1இல் பிறந்தவரின் எண்ணில் 060 அல்ல, 061 இருக்கும், பெண்ணானால் 561. சாதாரண நாட்காட்டிக் கணக்கைப் பயன்படுத்தும் நிரல் அவருக்கு மார்ச் 2 என்று தவறான பிறந்தநாளைக் கொடுக்கும். இன்னொரு சிக்கல், ஒரே ஆள் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் எண்ணைத் தரக்கூடும் என்பது. உள்ளே வரும்போதே பழைய எண்ணின் முன்னால் 19, தொடரெண்ணின் முன்னால் 0 சேர்த்து 12 இலக்கமாக்கிச் சேமிக்காவிட்டால், ஒருவருக்கு இரண்டு கணக்குகள் உருவாகிவிடும்.

பிறந்த திகதியையும் பாலையும் வெளிப்படையாகச் சொல்லும் இந்த எண் இரகசியமாக இருக்க முடியாது. வங்கி, பாடசாலை, போட்டோக்கொப்பிக் கடை என்று அதன் பிரதிகள் எங்கும் கிடக்கின்றன. அடையாள அட்டை எண்ணையும் பிறந்த திகதியையும் கேட்டுக் கடவுச்சொல்லை மாற்றித் தரும் செயலி, ஒரே தகவலை இரண்டு தடவை கேட்கிறது; உண்மையில் எதையும் சரிபார்க்கவில்லை.

அட்டை என்ற பொருளை மட்டும் நம்புவதன் விலையை வன்னி மக்கள் அறிவார்கள். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்க ‘ஐ.சி.’ எனப்பட்ட அந்த அட்டை இல்லாமல் முடியாது. 2009இல் போரின் இறுதிக் கட்டத்தில் முள்ளிவாய்க்கால்வரை ஒடுங்கி, பின் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களுக்கு வந்துசேர்ந்த 250,000க்கும் அதிகமானோரில் பலரிடம் அட்டையும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. ஒருவரின் அடையாளத்தைத் திரும்ப நிறுவத் திணைக்களப் பதிவேடுகள், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், உத்தேச வயதுச் சான்றிதழ், நடமாடும் சேவைகள் எனப் பல வழிகள் வேண்டியிருந்தன. ஒரு சான்று போனாலும் வேறு சான்றுகளைக் கொண்டு ஆளை உறுதிப்படுத்தும் இந்த முறையையே மென்பொருளில் கணக்கு மீட்பு என்கிறார்கள். உள்நுழைவுப் பக்கத்துக்குச் செலவிடப்படும் உழைப்பில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை.

சரிபார்ப்புக்கான ஆதாரங்கள் மூன்று வகை: தெரிந்தது, கையில் உள்ளது, உடலில் உள்ளது. கடவுச்சொல் முதல் வகை. அதை அப்படியே சேமிக்கக் கூடாது. ஒவ்வொரு பயனருக்கும் வேறான ஓர் எழுந்தமானச் சரத்தைச் சேர்த்து, திருப்ப முடியாத சுருக்கமாக மாற்றிவைக்க வேண்டும். 2015இல் கடவுச்சொல் சுருக்கப் போட்டியில் வென்ற ஆர்கன்2 இதற்குப் பொருத்தமானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும்படி கட்டாயப்படுத்துவதை அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டியே கைவிடச் சொல்லிவிட்டது.

தமிழில் கடவுச்சொல்லோ பெயரோ ஏற்கும் செயலிக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. கொக்கிளாய் என்ற முல்லைத்தீவு ஊரின் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி முறையில் சீராக்கிய பிறகே சுருக்கவோ ஒப்பிடவோ வேண்டும். இல்லையேல் கைபேசியில் பதிந்தவர் கணினியில் நுழைய முடியாமல் நிற்பார்.

இரண்டாம் வகையில் பரவலானது குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் குறியீடு. அது கைபேசி எண்ணைக் கையாள்பவரை உறுதிசெய்கிறதே தவிர ஆளை அல்ல. சிம் வேறொருவர் பெயரில் இருக்கலாம், ஒரே கைபேசியை வீட்டில் பலர் பயன்படுத்தலாம், கைவிடப்பட்ட எண் பின்னர் வேறொருவருக்குப் போகலாம். அலைவரிசை எட்டாத வயல்வெளியில் செய்தி வந்துசேராது. கைபேசியிலேயே நேரத்தைக் கொண்டு 30 விநாடிக்கு ஒருமுறை குறியீட்டை உருவாக்கும் செயலிகளுக்கு அலைவரிசை தேவையில்லை.

இவற்றையும் தாண்டி வந்திருப்பது பாஸ்கீ. இதன் அடிப்படையான வெப்ஆத்தன் தரம் 2019 மார்ச்சில் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையானது. பதிவின்போது கைபேசி இரண்டு சாவிகளை உருவாக்குகிறது. பொதுச் சாவி மட்டும் சேவையகத்துக்குப் போகும். தனிச் சாவி பயனரிடமே இருக்கும். உள்நுழையும்போது சேவையகம் அனுப்பும் புதிய எண்ணில் தனிச் சாவி கையொப்பமிடும், பொதுச் சாவி அதைச் சரிபார்க்கும். விரல்ரேகை கைபேசியிலேயே தனிச் சாவியைத் திறக்க மட்டுமே பயன்படும், வெளியே போகாது. சாவி தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வங்கித் தளத்தைப் போலிசெய்த பக்கத்தில் அது இயங்காது. கடவுச்சொல்லைத் திருடும் மோசடியை வேரோடு தடுப்பதால், புதிதாகத் தொடங்கும் எந்தச் செயலியும் இதைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும்.

மூன்றாம் வகையை அரசு மட்டத்தில் கொண்டுவர இருப்பது இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம். இதற்கான இந்திய நன்கொடை உடன்படிக்கை 2022இல் கையெழுத்தானது. முகம், கருவிழி, விரல்ரேகை மூன்றும் பதியப்படவுள்ளன. மூன்றும் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. மண்வேலை செய்பவர், வலை இழுப்பவர், முதியோர் ஆகியோரின் விரல்ரேகை தேய்ந்திருக்கும். இந்தியாவின் ஆதார் சரிபார்ப்பில் இது தொடர்ந்து தலைதூக்கிய சிக்கல். போரில் கையையோ கண்ணையோ இழந்தவர்கள் வாழும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே உடற்கூறை மட்டும் கேட்கும் கருவி, உரியவரையே வெளியே நிறுத்திவிடும். கசிந்த கடவுச்சொல்லை மாற்றலாம், கசிந்த கருவிழிப் பதிவை மாற்ற முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடற்கூற்றுத் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருப்பது அதனால்தான்.

கிளிநொச்சியின் அறிவியல் நகர் வளாகத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் மென்பொருள் பயிலும் மாணவர் இன்று ஒரு செயலியைக் கட்டினால், மீட்பு வழியை முதல் நாளே வரைவது நல்லது. பதிவின்போதே ஒருமுறை மட்டும் செல்லும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிவைக்கக் கொடுக்க வேண்டும். இரண்டாவது கருவியையும் பதிய வாய்ப்புத் தர வேண்டும். எல்லாம் தொலைந்தவருக்கு, பிரதேச செயலகம் போன்ற இடத்தில் அலுவலர் நேரில் பார்த்து உறுதிசெய்யும் வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழியைத் திருடரும் நாடுவர் என்பதால், மீட்புக் கோரிக்கை பழைய எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் உடனே அறிவிக்கப்பட்டு, சில நாள் காத்திருப்புக்குப் பின்னரே நிறைவேற வேண்டும். அனுமதித்த அலுவலரின் பெயரும் நேரமும் அழிக்க முடியாத பதிவில் ஏற வேண்டும்.