'தி அமெரிக்கன்ஸ்': பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாத ரஷ்ய உளவாளிகள்... சீரிஸில் எது நிஜம், எது கப்சா?

2024 ஆகஸ்ட் 1. மாஸ்கோ விமான நிலையத்தில் ஒரு விமானம் வந்து நிற்கிறது. பனிப்போருக்குப் பிறகு ரஷ்யாவுக்கும் மேற்கத்திய நாடுகளுக்கும் இடையே நடந்த மிகப்பெரிய கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானவர்கள் இறங்குகிறார்கள். அவர்களில் ஒரு கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள். வரவேற்க வந்த அதிபர் புதின் அந்தப் பிள்ளைகளிடம் ஸ்பானிஷ் மொழியில் 'இரவு வணக்கம்' சொல்கிறார்.

ரஷ்ய அதிபர் எதுக்கு ஸ்பானிஷில் பேசணும்? ஏன்னா, அந்தப் பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழியே தெரியாது.

பெற்றோரின் பெயர் அர்த்தியோம் துல்த்செவ், அன்னா துல்த்செவா. ஸ்லோவேனியா தலைநகர் லுப்லியானாவில் அர்ஜென்டினா நாட்டுத் தம்பதி என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர்கள். கணவருக்கு ஐ.டி. தொழில், மனைவிக்கு ஆன்லைன் ஓவியக் கூடம். 2022 டிசம்பரில் கைதானார்கள். தாங்கள் ரஷ்யர்கள் என்பதே அந்தப் பிள்ளைகளுக்கு விமானம் மாஸ்கோவை நோக்கிக் கிளம்பிய பிறகுதான் தெரியும் என்றார் கிரெம்ளின் செய்தித் தொடர்பாளர் பெஸ்கோவ். புதின் யார் என்றுகூட அவர்கள் கேட்டார்களாம்.

இதே கதையை ஒரு அமெரிக்க டிவி சீரிஸ் பல வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கிறது. பெயர் 'தி அமெரிக்கன்ஸ்'. எஃப்.எக்ஸ். சேனலில் 2013 ஜனவரி முதல் 2018 மே வரை, 6 சீசன்கள், 75 எபிசோடுகள். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதெல்லாம் நிஜமாவே நடக்குமா?

கதை என்ன? (ஸ்பாய்லர் இருக்கு, உஷார்!)

வருஷம் 1981. வாஷிங்டனை ஒட்டிய ஃபால்ஸ் சர்ச் என்ற புறநகர். பிலிப் ஜென்னிங்ஸ் (மேத்யூ ரைஸ்), எலிசபெத் (கேரி ரஸ்ஸல்) தம்பதி டிராவல் ஏஜென்சி நடத்துகிறார்கள். மகள் பெய்ஜ், மகன் ஹென்றி. பார்த்தால் பக்கா நடுத்தர அமெரிக்கக் குடும்பம்.

உண்மையில் இருவருமே சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் ஆட்கள். நிஜப் பெயர் மிகைல், நதேஷ்தா. முன்பின் தெரியாத இருவரை கேஜிபியே 'ஜோடி' சேர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. வீட்டுக்குள் தனியாக இருக்கும்போதுகூட ரஷ்ய மொழி பேசக் கூடாது. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது.

முதல் எபிசோடிலேயே கதை டாப் கியருக்குப் போய்விடும். அமெரிக்கா பக்கம் ஓடிப்போன ஒரு கேஜிபி அதிகாரியைக் கடத்தி, கை காலைக் கட்டி கார் டிக்கியில் போட்டு வைத்திருக்கிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்குக் குடிவருகிறார் ஸ்டான் பீமன் (நோவா எம்மெரிச்). வேலை? எஃப்.பி.ஐ.யில் உளவாளிகளைப் பிடிப்பது!

'பேசாம சரண்டர் ஆகிடலாம், நிஜ அமெரிக்கர்களாவே வாழ்ந்திடலாம்' என்கிறார் பிலிப். எலிசபெத்துக்கு அது பச்சைத் துரோகம். இந்தச் சண்டைதான் கடைசி சீசன் வரை ஓடுகிறது.

இரண்டாவது சீசனில் அவர்களைப் போன்ற இன்னொரு உளவுத் தம்பதி கொல்லப்படுகிறார்கள். கொன்றது யார் என்று தெரியும்போது தூக்கிவாரிப் போடும்: பெற்ற மகன். பெற்றோருக்குத் தெரியாமலேயே கேஜிபி அவனை வளைத்துப் போட்டிருக்கிறது. அடுத்த குறி பெய்ஜ். மூன்றாவது சீசனில் பெய்ஜுக்கு உண்மையைச் சொல்கிறார்கள், அவள் போய் தன் சர்ச் பாதிரியாரிடம் சொல்லிவிடுகிறாள். நான்காவதில் உயிரி ஆயுதம், ஐந்தாவதில் கோதுமை. ஐந்தாவது சீசன் கொஞ்சம் இழுவை, பொறுமை வேணும்.

ஆறாவது சீசன் 1987-க்குத் தாவுகிறது. பிலிப் உளவு வேலையை விட்டுவிட்டார். எலிசபெத் மட்டும் ஓயாமல் ஓடுகிறார், உடன் மகள் பெய்ஜ். கடைசியில் ஸ்டான் உண்மையைக் கண்டுபிடித்து கார் பார்க்கிங்கில் துப்பாக்கியுடன் நிறுத்துகிறார். சுடவில்லை, விட்டுவிடுகிறார். மாறுவேடத்தில் கனடா எல்லைக்கு ரயிலில் போகிறார்கள். எல்லைச் சோதனை முடிந்து ரயில் நகரும்போது ஜன்னல் வழியே பார்த்தால், மகள் பெய்ஜ் பிளாட்ஃபாரத்தில் நிற்கிறாள். வரமாட்டேன் என்று இறங்கிவிட்டாள். ஹென்றி பாவம், எதுவுமே தெரியாமல் போர்டிங் ஸ்கூலில் இருக்கிறான்.

வில்லன் சாகவில்லை, குண்டு வெடிக்கவில்லை. ஆனாலும் டிவி வரலாற்றின் சிறந்த கிளைமாக்ஸ்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். அந்த வருஷம் மேத்யூ ரைஸுக்கு சிறந்த நடிகருக்கான எம்மி விருதும், கடைசி எபிசோடின் எழுத்துக்கு இன்னொரு எம்மியும் கிடைத்தன.

யார் எழுதியது?

சீரிஸை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க், 1990-களின் தொடக்கத்தில் சிஐஏவில் வேலை பார்த்தவர். முன்னாள் ஊழியர் என்பதால், உளவு பற்றி அவர் எழுதுவதை சிஐஏவிடம் காட்டி அனுமதி வாங்கியாக வேண்டும். இந்த சீரிஸின் ஸ்கிரிப்டுகளும் அப்படித்தான் போய் வந்தன.

கதைக்கு விதை 2010 ஜூன் 27-ல் விழுந்தது. அன்றைக்கு அமெரிக்காவில் 10 ரஷ்ய உளவாளிகளை எஃப்.பி.ஐ. வளைத்துப் பிடித்தது. அந்த ஆபரேஷனுக்கு எஃப்.பி.ஐ. வைத்த பெயர் 'கோஸ்ட் ஸ்டோரீஸ்', அதாவது பேய்க் கதைகள். சிக்கியவர்களில் பலர் வேறு நாட்டுக்காரர்கள் என்ற போலி அடையாளத்தில் பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தவர்கள்.

இவர்களுக்கு உளவு உலகில் 'இல்லீகல்ஸ்' என்று பெயர். தூதரக ஊழியர் என்ற போர்வையில் வருகிற உளவாளி மாட்டினால், நாட்டை விட்டு அனுப்புவதோடு முடிந்தது. இல்லீகல்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாட்டினால் நேராக ஜெயில்தான்.

எது கப்சா?

முதல்ல விக். பிலிப்பும் எலிசபெத்தும் விதவிதமான விக், கண்ணாடி, மீசையோடு வாரா வாரம் புது ஆளாக வருகிறார்கள். பார்க்க ஜாலி. ஆனா, ஒரே ஊரில் 20 வருஷம் ரகசியமாக வாழ வேண்டியவர்கள் தினம் ஒரு முகத்தோடு அதே ஊரில் சுற்றினால் யாராவது ஒருத்தர் அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாரா?

அடுத்தது கொலைகள். சீரிஸில் பிணங்கள் விழுந்துகொண்டே இருக்கும். 1980-களில் கேஜிபி தம்பதி ஒன்று வாஷிங்டன் புறநகரில் இப்படி வரிசையாக ஆட்களைத் தீர்த்துக்கட்டியதாக வரலாற்றில் பதிவே இல்லை. பல வருஷம் செலவழித்துத் தயார்செய்த ஆளை ஒரு கொலை வழக்கில் சிக்கவைக்க எந்த அமைப்பும் விரும்பாது. 2010-ல் சிக்கிய 10 பேர் மீது கொலை வழக்கு மட்டுமல்ல, ரகசியத்தைத் திருடியதாகக்கூட வழக்கு போடப்படவில்லை. 'வெளிநாட்டு அரசின் ஏஜென்ட் என்று பதிவு செய்யாமல் செயல்பட சதி செய்தார்கள்' என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு!

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. சீரிஸில் அமெரிக்காவின் பெரிய பெரிய ரகசியங்களை ஜென்னிங்ஸ் தம்பதியே உயிரைக் கொடுத்துத் திருடுகிறார்கள். நிஜத்தில் அந்த ரகசியங்கள் தானாகவே நடந்து வந்தன. கடற்படையின் ஜான் வாக்கர், சிஐஏவின் ஆல்ட்ரிச் ஏம்ஸ், எஃப்.பி.ஐ.யின் ராபர்ட் ஹேன்சன் மூவருமே அசல் அமெரிக்கர்கள். யாரும் தேடிப் போகவில்லை, அவர்களே சோவியத் பக்கம் வந்து காசுக்கு விற்றார்கள். ஏம்ஸ் 1985-ல் வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்குள் நேராகவே நடந்து போனார். விக் எதுவும் தேவைப்படவில்லை.

எது நிஜம்?

சலிப்பூட்டும் வேலைகள் அத்தனையும் நிஜம். ரேடியோவில் வரும் எண்களைக் குறித்துக்கொண்டு அர்த்தம் கண்டுபிடிப்பது, மறைவிடத்தில் பொருளை வைத்துவிட்டுப் போவது, எதிரே வருபவரோடு நொடியில் பையை மாற்றிக்கொள்வது எல்லாமே 2010 வழக்கு ஆவணங்களிலும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பணத்தை மண்ணில் புதைத்து, அடையாளத்துக்கு பீர் பாட்டிலை நட்டு, இரண்டு வருஷம் கழித்து வேறு ஆட்கள் தோண்டி எடுத்தார்கள். ரகசியச் செய்தி அனுப்பும் சாஃப்ட்வேருக்கு 27 எழுத்து பாஸ்வேர்டு. அதை ஒரு பேப்பரில் எழுதி வீட்டிலேயே வைத்திருந்தார்கள், சோதனையில் எஃப்.பி.ஐ. கையில் சிக்கியது. நம்ம வீட்டில் ஏ.டி.எம். பின் நம்பரை காலண்டரில் எழுதி வைக்கிற கதைதான்.

எதிர்வீட்டு எஃப்.பி.ஐ. அதிகாரி? கதாசிரியரின் வசதிக்கு வந்த கேரக்டர் மாதிரி தெரியும். ஆனால் ஜாக் பார்ஸ்கி கதையைக் கேளுங்க. 1978-ல் கேஜிபி அனுப்பிய கிழக்கு ஜெர்மனிக்காரர் அவர். சிறு வயதில் இறந்துபோன ஓர் அமெரிக்கச் சிறுவனின் பெயரில் வாழ்ந்தார். 1988-ல் 'உடனே கிளம்பு' என்று சிக்னல் வந்தது. அமெரிக்காவில் பிறந்த குட்டி மகளைப் பிரிய மனசில்லாமல், 'எனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டது, சிகிச்சை இங்கேதான் இருக்கிறது' என்று புளுகிவிட்டுத் தங்கிவிட்டார். 1990-களில் அவரைக் கண்காணிக்க எஃப்.பி.ஐ. பக்கத்து வீட்டையே விலைக்கு வாங்கியது. சமையலறையில் மனைவியோடு நடந்த சண்டையில் 'நான் கேஜிபியில் இருந்தவன்' என்று அவரே சொன்னது, ஒட்டுக்கேட்புக் கருவியில் பதிவானது.

சீரிஸில் மனசை ரொம்பக் கனக்க வைப்பது மார்த்தா (அலிசன் ரைட்). எஃப்.பி.ஐ. அலுவலகச் செக்ரட்டரி. பிலிப் 'கிளார்க்' என்ற பெயரில் அவரைக் காதலித்து, கல்யாணமும் செய்துகொண்டு, அலுவலக ரகசியங்களைக் கறக்கிறார். 'இவ்ளோ அப்பாவியா ஒருத்தி இருப்பாளா?' என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. இருந்தார்கள். கிழக்கு ஜெர்மனி உளவுத்துறை இதற்கென்றே ஆண்களைத் தயார்செய்து, மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பானில் இருந்த அரசு அலுவலகச் செக்ரட்டரிகளைக் குறிவைத்தது. 'ரோமியோக்கள்' என்றே அவர்களுக்குப் பெயர்.

கேஜிபியும் அதையே செய்தது. மேற்கு ஜெர்மனி வெளியுறவு அமைச்சகத்தில் செக்ரட்டரியாக இருந்த லியோனோர் சூட்டர்லின், கணவருக்காக ஆவணங்களை வீட்டுக்கு எடுத்து வந்தார். 1967-ல் கைதான பிறகுதான், கணவர் தன்னைத் திருமணம் செய்ததே உத்தரவின் பேரில் என்று தெரிந்தது. சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மார்த்தாவை சீரிஸ் உயிரோடு மாஸ்கோ அனுப்பி வைத்தது. அந்த வகையில் திரைக்கதை நிஜத்தைவிடக் கருணையானது.

அப்போ பிள்ளைகள்?

நம்பவே முடியாத விஷயம் என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். அப்பா, அம்மா ராத்திரி ராத்திரி காணாமல் போகிறார்கள், பிள்ளைகளுக்குச் சந்தேகமே வராதா? ஆனா, மொத்த சீரிஸிலும் நிஜத்துக்கு ரொம்ப நெருக்கமாக இருப்பதே இதுதான். சிஐஏவிலும் தன் சக ஊழியர்கள் பிள்ளைகளிடம் வேலையைப் பற்றிப் பொய் சொல்லி, ஒரு வயது வந்ததும் உட்காரவைத்து உண்மையைச் சொல்வார்கள் என்று வைஸ்பெர்க் சொல்லியிருக்கிறார். அங்கிருந்துதான் பெய்ஜ் பிறந்தாள்.

2010-ல் கைதானவர்களில் 'டொனால்ட் ஹீத்ஃபீல்ட்', 'டிரேசி ஃபோலி' என்ற தம்பதியும் உண்டு. நிஜப் பெயர் ஆந்த்ரேய் பெஸ்ருகோவ், எலெனா வாவிலோவா. ஹீத்ஃபீல்ட் என்பது கனடாவில் பச்சிளம் வயதில் இறந்த ஒரு குழந்தையின் பெயர். இரண்டு மகன்கள், இருவரும் பிறந்தது கனடாவின் டொரன்டோவில். மூத்தவனின் 20-வது பிறந்தநாள் அன்று வீட்டுக் கதவைத் தட்டியது எஃப்.பி.ஐ. ஏதோ ஆள் மாறாட்டம் என்றுதான் முதலில் நினைத்ததாக மகன்கள் பின்னாளில் சொன்னார்கள். சில நாட்களில், ஜூலை 9-ல் வியன்னாவில் கைதிகள் பரிமாற்றம் நடந்தது. அதுவரை பார்த்தே இராத ரஷ்யாவில் மகன்களுக்குப் புது பாஸ்போர்ட், புது குடும்பப் பெயர்.

அத்தோடு முடியவில்லை. இளைய மகன் பிறப்பால் கனடா குடிமகன் இல்லை என்று 2014-ல் கனடா அரசு குடியுரிமையை ரத்து செய்தது. அந்நாட்டுச் சட்டப்படி, வெளிநாட்டு தூதர்கள், வெளிநாட்டு அரசு ஊழியர்களின் குழந்தை அங்கே பிறந்தாலும் குடியுரிமை கிடையாது. உளவாளியும் வெளிநாட்டு அரசின் ஊழியர்தானே என்றது அரசு. மகன் கோர்ட்டுக்குப் போனார். 2019 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: அந்த விதி தூதரகச் சலுகையும் சட்டப் பாதுகாப்பும் பெற்றவர்களுக்கு மட்டுமே பொருந்தும், உளவாளிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது, எனவே இவர் கனடா குடிமகன்தான்.

மாட்டினால் காப்பாற்ற ஆளில்லை என்ற இல்லீகல்ஸின் பலவீனமே, கடைசியில் மகனின் பாஸ்போர்ட்டைக் காப்பாற்றியது. போர்டிங் ஸ்கூலில் விட்டுச்செல்லப்பட்ட ஹென்றிக்கும் அமெரிக்கச் சட்டத்தில் இதே வாதம் கைகொடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பையனுக்கு உண்மையை யார், எப்படிச் சொன்னார்கள் என்பதை சீரிஸ் காட்டவில்லை. 'நீயே போய்ச் சொல்லு' என்று பிலிப் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தது ஸ்டானிடம். கடைசி எபிசோடில் ஹாக்கி மைதானத்தின் ஓரம் இருவரும் உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலிருந்து கேமரா காட்டும். என்ன பேசினார்கள் என்பது நமக்குக் கேட்காது.