பானையும் உடலும்

வெப்ப இயக்கவியல் என்றவுடனே சூத்திரங்களை எண்ணி அஞ்சும் நண்பர்கள் பலர். ஆனால் அதன் முதற்பாடம் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் பொருளை 'அமைப்பு' என்றும், அதற்கு வெளியே உள்ளவற்றைச் 'சூழல்' என்றும் அறிவியல் கூறும். இரண்டையும் பிரிப்பது எல்லை. அந்த எல்லையை எவை கடக்கின்றன என்பதைப் பொறுத்து அமைப்புகள் மூவகைப்படும்.

ஆற்றல், பொருள் இரண்டுமே கடக்காதது தனித்த அமைப்பு. 1892-இல் ஜேம்ஸ் டியூவார் அமைத்த வெற்றிடக் குடுவையின் வழிவந்த தெர்மாஸ் பிளாஸ்க் இதற்கு ஓரளவு நெருங்கி வரும். அதிலும் காப்பி மெல்ல ஆறத்தான் செய்கிறது. ஆற்றல் மட்டும் கடப்பது மூடிய அமைப்பு. இறுக மூடிய தூக்குவாளியில் உள்ள நீர் வெளியேறாது. வெளிச்சூடு மட்டும் உள்ளே புகும். இரண்டும் கடப்பது திறந்த அமைப்பு. மண்பானை இவ்வகையினது.

பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது. 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியைப் பானை நீரே கொடுக்கிறது. 10 லிட்டர் நீர் 5 பாகை குளிர 50,000 கலோரி வெளியேற வேண்டும். சுமார் 86 கிராம் நீர் ஆவியானால் போதும். வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் உண்மையில் சற்று அதிகம் செலவாகும்.

நம் உடலும் ஒரு பானையே. என் தந்தை உப்பளத் தொழிலாளி. மாலையில் அவர் சட்டையின் முதுகில் படிந்திருக்கும் வெள்ளைக் கோடுகள், வியர்வையோடு உடலின் எல்லையைக் கடந்து வந்த உப்பு. காற்றின் சூடு தோலின் சூட்டை மிஞ்சும்போது, உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஆவியாவதையே நம்பியிருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர எளிதில் ஆவியாகாது. உழைப்பால் உண்டாகும் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். இயல்பாக 37 பாகையை ஒட்டி இருக்கும் உடல்வெப்பம் 40-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. போதிய நீர் அருந்தாவிட்டாலும் அதே கதிதான். வற்றிய பானை எப்படிக் குளிரும்?

ஆகவே வெயிலில் உழைப்பவர் நிழலும் நீரும் ஓய்வும் கேட்டால், அதைச் சலுகை என்று எண்ணலாகாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கு, இப்பாடம் தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. நண்பர்களே! இக்கோடையில் உங்கள் வாசலில் வேலை செய்பவருக்கு, அவர் கேட்குமுன்பே ஒரு செம்பு நீர் கொடுங்கள்.