எண்ணிக்கை சொல்லாத முகவரி
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறிக்குள் இரு வகை நிரல்கள் அண்டை வீட்டாராக வாழ்கின்றன. ஒன்று, சி மொழியில் எழுதி நேரே இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டது. நினைவகத்தைக் கேட்டு வாங்குவதும் திருப்பித் தருவதும் அதை எழுதியவர் பொறுப்பு. மற்றொன்று, மைக்ரோசாப்ட் 2002-இல் வெளியிட்ட டாட் நெட் போன்ற அமைப்பின் மேற்பார்வையில் ஓடுவது. அங்கே சி ஷார்ப் மொழியில் எழுதுவோருக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. 'குப்பை சேகரிப்பான்' என்னும் பணியாள் பின்னாலேயே வந்து துப்புரவு செய்துவிடுவான்.

புதிய மொழி வந்ததென்று பழைய நூலகங்களைத் தூக்கி எறிய முடியுமா? முடியாது. ஆகவே இவ்விரு வீட்டாரும் பேசியே தீரவேண்டும். ஓர் எண்ணைக் கொடுத்து ஓர் எண்ணை வாங்குவதில் தொல்லையே இல்லை. அணியைத் திருப்பித் தரும் செயற்கூறு என்றால்தான் சிக்கல்.

சி ஷார்ப் அணி தன் நீளத்தைத் தன்னுடனே வைத்திருக்கும். சி மொழியோ முதல் உறுப்பின் முகவரியை மட்டும் தரும். "நெல் மேலக்களத்தில் கிடக்கிறது, எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு, எத்தனை மூட்டை என்று சொல்லாமல் போவதைப் போன்றது இது. குறைவாக எடுத்தால் நமக்கு நட்டம். கூடுதலாக எடுத்தால் பக்கத்துக்காரர் மூட்டையும் சேர்ந்து வரும். பள்ளிக்கூடம் போகாத என் தந்தையும் களத்துக் கணக்கில் இத்தவற்றைச் செய்யமாட்டார்! ஆனால் கணிப்பொறி எல்லா நேரமும் கூச்சல் போடுவதில்லை. தவறான விடையைச் சரியான விடைபோலவே அச்சிட்டுக் காட்டிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். விண்டோஸின் ஷெல்32 நூலகத்தில் 'கமாண்ட்லைன்டுஆர்க்விடபிள்யூ' என்றொரு செயற்கூறு உண்டு. (பெயரைக் கண்டு அஞ்சவேண்டாம்.) ஒரு கட்டளை வரியைக் கொடுத்தால், அதைச் சொற்களாகப் பிரித்து அச்சொற்களின் அணியைத் தரும். இதைச் சி ஷார்ப்பில் 'சரங்களின் அணி தருவது' என்று அறிவித்தால், இடையில் நின்று மாற்றித்தரும் மார்ஷலர், நீளம் தெரியாமல் பிழை காட்டி நிறுத்திவிடும். முகவரியை வெறும் முகவரியாகவே, 'இன்ட்பிடிஆர்' வகையில் வாங்குவதே வழி. எண்ணிக்கையை இச்செயற்கூறு தன் இரண்டாவது அளபுருவில் தனியே சொல்லிவிடுகிறது. அத்தனை சுட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சரமாக்கிக்கொள்ளலாம். ஒரு சுட்டின் அகலம் 32 பிட் நிரலில் 4 பைட்டு, 64 பிட் நிரலில் 8 பைட்டு. 4 என்று கையால் எழுதி வைத்தவர் நிரல் 64 பிட்டில் பாழ்! 'இன்ட்பிடிஆர்' வகையிடமே தன் அளவைக் கேட்பது நல்லது. முழு எண்களின் அணியாயின், எண்ணிக்கை கையிலிருந்தால், 'மார்ஷல்.காப்பி' ஒரே வரியில் அள்ளிவிடும்.

வேலை முடிந்ததா? இல்லை. அந்த நினைவகத்தை 'லோக்கல்ஃப்ரீ' வழியே திருப்பித் தரவேண்டும். குப்பை சேகரிப்பான் அதைத் தொடமாட்டான். அது அவன் கணக்கில் வராத சொத்து. திருமணத்துக்கு எந்தக் கடையில் பாத்திரம் எடுத்தோமோ அந்தக் கடையில்தானே திருப்பிக் கொடுக்கிறோம்? வேறொரு விடுவிப்புச் செயற்கூற்றை அழைத்தால் நிரலே குலையலாம். திருப்பாமலே விட்டாலோ, சோதனைக் கூடத்தில் ஒருமுறை ஓடும்போது ஒன்றும் தெரியாது. இரவு பகலாக ஓடும் நிரலில்தான் நினைவகம் சிறுகச் சிறுகக் கரையும். 'மாலோக்' கொண்டு இடம் பிடிக்கும் நூலகத்தை எழுதுவோர், விடுவிக்கும் செயற்கூறு ஒன்றையும் உடன் எழுதித் தருவது கடமை.

நூலகம் நம் கையில் இருந்தால், அணியைத் திருப்பித் தராமலிருப்பதே மேல் என்பது என் கருத்து. சி ஷார்ப் பக்கமே காலி அணியை உருவாக்கி, நீளத்தோடு அனுப்பினால், சி செயற்கூறு நிரப்பிவிடும். எண் அணியாயின் அழைப்பு முடியும்வரை அதை இடம் பெயராமல் டாட் நெட்டே பிடித்து வைத்துக்கொள்ளும். காம் முறைக் கூறுகளுக்கு 'சேஃப்அரே' இருக்கிறது. பரிமாணமும் உறுப்புகளின் எண்ணிக்கையும் அதனுள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், மார்ஷலர் தானே மாற்றிக்கொள்ளும்.

தன் உள்ளூர் அணியின் முகவரியையே திருப்பித் தரும் சி செயற்கூறுகளும் உண்டு. செயற்கூறு முடிந்தவுடன் அந்த இடம் பிறர் கைக்குப் போய்விடும். அதற்குச் சி ஷார்ப் பக்கம் மருந்தில்லை. சி நிரலைத்தான் திருத்தவேண்டும்.