அறிஞரும் உரைகல்லும்

அறிவியல் அறிஞர் என்றவுடன், காரணங் கண்டு தெளிந்தாலன்றி எதனையும் நம்பாத ஒருவரின் உருவமே நம் உள்ளத்தில் எழுகின்றது. அளந்தறிதலும் ஆய்ந்து தெளிதலுமே அன்னாரின் வாழ்க்கை என்றும், மயக்கம் அவர்பால் அணுகாது என்றும் எண்ணுகின்றோம். ஆனால், அறிவியல் வரலாற்றை ஊன்றிப் படிப்போர் வேறொரு காட்சியையும் காண்பர். உலகம் போற்றும் உண்மைகளைக் கண்டுரைத்த அறிஞர் சிலர், அறிவுக்கு ஒவ்வாத கொள்கைகளையும் அதே ஆர்வத்தோடு பற்றி நின்றனர். யானைக்கும் அடி சறுக்கும் என்னும் பழமொழி அறிவுலகத்து யானைகளுக்கும் பொருந்துவதேயாகும்.

பழக்கத்தில் காணப்படும் விந்தை வேறு. கொள்கையில் காணப்படும் மயக்கம் வேறு. முன்னையதற்கு இங்கிலாந்து நாட்டு ஹென்றி காவெண்டிஷ் சிறந்த சான்றாவார். பெருஞ்செல்வரான அவர் பிறரோடு பேசவே கூசுவார். வீட்டுப் பணிப்பெண்களை எதிர்ப்படவும் அஞ்சி, வேண்டிய உணவைச் சீட்டில் எழுதி மேசைமேல் வைத்துவிடுவார். இத்தகையவரே ஈயக் குண்டுகளின் நுண்ணிய ஈர்ப்பை அளந்து, பூமியின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று 1798 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இக்காலக் கருவிகள் தரும் அளவினின்றும் அது வேறுபடுவது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. அவருடைய கூச்சம் உலகிற்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆகவே, இத்தகைய விந்தைகளைக் கண்டு நகைத்துவிட்டுக் கடந்து செல்லலாம். கொள்கையில் நேரும் மயக்கமோ அங்ஙனம் கடந்து செல்லத்தக்கதன்று.

மரத்தினின்று கனி வீழ்வதும், விண்ணிலே மதி வலம் வருவதும் ஒரே விதியால் நிகழ்வன என்று 1687 ஆம் ஆண்டில் 'பிரின்சிப்பியா' என்னும் நூலால் நிறுவியவர் ஐசக் நியூட்டன். கேம்பிரிட்ஜ் நகரத்து டிரினிட்டிக் கல்லூரியில் அவர் வாழ்ந்த காலத்து, உலைகள் அமைந்த ஆய்வுக்கூடம் ஒன்றையும் வைத்திருந்தார். இழிந்த உலோகத்தைப் பொன்னாக்க வல்லது என்று நம்பப்பட்ட இரசவாதக் கலையை அங்கே அவர் பயின்றார். இளவேனிற் காலத்திலும் இலையுதிர் காலத்திலும் ஏறத்தாழ 6 வாரங்கள் இரவும் பகலும் அவ்வுலையின் தீ அணைவது அரிது என்று அவரிடம் எழுத்தராய் இருந்தவர் குறித்துள்ளார். இக்கலைபற்றி நியூட்டன் தம் கைப்பட எழுதிய குறிப்புகள் ஏறத்தாழ 10 இலட்சம் சொற்கள் அளவின. மறைநூற் சொற்களைக் கொண்டு கணக்கிட்டு, உலகமுடிவு 2060 ஆம் ஆண்டிற்கு முன்னர் வாராது என்றும் அவர் ஒரு தாளில் எழுதிவைத்தார்.

1693 ஆம் ஆண்டில் நியூட்டனின் மனம் சிறிது காலம் கலங்கியது. உறக்கம் இழந்தார். தம் நண்பராகிய ஜான் லாக் தமக்குத் தீங்கு சூழ்ந்ததாகத் தாம் எண்ணியிருந்ததை அவருக்கே எழுதி மன்னிப்பு வேண்டினார். நியூட்டனின் தலைமயிரிலே பாதரசம் மிகுந்திருந்ததை 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. உலையிலிருந்து எழுந்த நச்சுப்புகையே அக்கலக்கத்திற்குக் காரணம் என்பாரும் உளர். அதனை மறுப்பாரும் உளர்.

நியூட்டனை நோக்கி எள்ளி நகையாடுதல் முறையன்று. அவர் காலத்தில் தனிமங்களின் இயல்பு எவருக்கும் விளங்கவில்லை. ராபர்ட் பாயில் போன்ற பெருவேதியியலாரும் இரசவாதத்தை நம்பினர். ஆயினும், ஒன்று கருதத்தக்கது. ஈர்ப்பு விதியை நியூட்டன் அச்சிட்டு உலகின்முன் வைத்தார். கற்றோர் அதனைச் சோதித்தனர். எட்மண்ட் ஹாலி அவ்விதியைப் பயன்படுத்தி, ஒரு வால்மீன் 1758 ஆம் ஆண்டில் மீண்டும் தோன்றும் என்று முன்னரே கூறினார். நியூட்டனும் ஹாலியும் மறைந்த பின்னர், குறித்த அவ்வாண்டின் இறுதியிலே அது வானில் காணப்பட்டது. இரசவாதக் குறிப்புகளையோ நியூட்டன் மறைத்தே வைத்தார். அவற்றுள் பெரும்பகுதி, அவர் 1727 ஆம் ஆண்டில் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்சென்று, 1936 ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து ஏலத்தில் விற்கப்பட்டபோதே வெளியுலகிற்குத் தெரியவந்தது. வெளியே வந்த கொள்கை சோதனையால் உறுதிபெற்றது. உள்ளே மறைந்த கொள்கை திருத்துவாரின்றிக் கிடந்தது.

நியூட்டனுக்கு முற்பட்டவரான ஜெர்மானிய அறிஞர் யோகான்னஸ் கெப்ளரின் வாழ்க்கை இதனை இன்னும் தெளிவாக்கும். அவர் மன்னருக்கும் படைத்தலைவருக்கும் சாதகம் கணித்தவர். கோள்கள் இசை எழுப்புகின்றன என்று நம்பியவர். எல்லா முகங்களும் ஒத்த ஒழுங்குத் திண்ம வடிவங்கள் 4, 6, 8, 12, 20 முகங்களை உடையனவாய் ஐந்தே உள்ளன. அந்நாளில் அறியப்பட்ட கோள்களோ ஆறு. ஆறு கோள்களுக்கு இடையே உள்ள ஐந்து இடைவெளிகளையும் இவ்வைந்து வடிவங்களே வகுத்தன என்று கெப்ளர் 1596 ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அழகிய கற்பனை, ஆயினும் மெய்யன்று. 1781 ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் ஏழாவது கோளாகிய யுரேனசைக் கண்டவுடன் அக்கற்பனைக்கு இடமே இல்லாமற் போயிற்று.

அக்கற்பனையை இறுதிவரை நேசித்த கெப்ளரே, மற்றோரிடத்தில் அரியதொரு செயலைச் செய்தார். டைக்கோ பிராகி என்பார் பல்லாண்டுகள் வானை நோக்கி எழுதிவைத்த அளவைகளைக் கொண்டு, செவ்வாயின் பாதையை அவர் கணித்தார். கோள்கள் வட்டத்திலேதான் செல்லும் என்பது ஈராயிரம் ஆண்டு நம்பிக்கை. வட்டத்தைக் கொண்டு கெப்ளர் அரும்பாடுபட்டு அமைத்த கணக்கு, டைக்கோவின் அளவைக்கு 8 கலை வேறுபட்டது. ஒரு பாகையின் 60 கூறுகளுள் ஒன்றே ஒரு கலை. 8 கலை என்பது முழுமதியின் அகலத்தில் ஏறத்தாழக் காற்பங்கு. பிறராயின் இச்சிறு பிழையைப் புறக்கணித்திருப்பர். டைக்கோவின் அளவையில் இத்துணைப் பிழை நேராது என்பதை அறிந்த கெப்ளர், தம் உழைப்பையும் முன்னோர் நம்பிக்கையையும் ஒருங்கே கைவிட்டார். கோள்கள் நீள்வட்டத்திலே செல்கின்றன என்னும் உண்மையை 1609 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வுண்மையே பின்னர் நியூட்டனுக்கு ஏணியாயிற்று.

இவை பழங்காலத்து நிகழ்ச்சிகள் என்று எண்ணி அமைதல் கூடாது. அமெரிக்க வேதியியலறிஞர் லைனஸ் பாலிங், 1954 ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபெல் பரிசையும், 1962 ஆம் ஆண்டிற்குரிய அமைதிப் பரிசையும் தனியொருவராகப் பெற்றவர். அணுக்கள் பிணையும் முறையை விளக்கிய அப்பேரறிஞர், வைட்டமின் சி என்னும் சத்தை மிகுதியாக உண்டால் சளி வாராது என்று 1970 ஆம் ஆண்டில் நூல் எழுதினார். பின்னர், அது புற்றுநோயாளரின் வாழ்நாளையும் நீட்டிக்கும் என்றார். அவர் பெயரை நம்பி எண்ணற்றோர் அதனை வாங்கி உண்டனர். அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தார் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு அச்சத்தையும், மறு பிரிவினர்க்கு அதுபோலத் தோன்றும் வெற்று மருந்தையும் உண்ணக் கொடுத்து ஆராய்ந்தனர். 1979, 1985 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவ்வாய்வுகள் யாதொரு பயனும் இல்லை என்றே காட்டின. சளி வருவதையும் அது பொதுமக்களிடத்துத் தடுப்பதில்லை. வந்த சளியின் நாள்களைச் சிறிது குறைக்கலாம் என்பதே பிற்கால ஆய்வுகளின் முடிவு. பாலிங்கோ, அவ்வாய்வுகள் முறையாகச் செய்யப்படவில்லை என்று வாதிட்டு, 1994 ஆம் ஆண்டில் மறையுமளவும் தம் கொள்கையை விட்டாரில்லை. நோயாளி ஒருவர் தக்க மருத்துவத்தைக் கைவிட்டுப் பெரியார் ஒருவரின் பெயரையே மருந்தாகக் கொள்வாராயின், இழப்பது உயிராகவும் இருக்கலாம்.

இப்பெரியார்களிடத்துத் தெளிவும் மயக்கமும் ஏன் ஒருங்கு காணப்பட்டன? பிறர் காணாததைக் காண முனையும் துணிவும், எடுத்ததை விடாத பிடிவாதமுமே அவர்களைக் கண்டுபிடிப்பாளர் ஆக்கின. அத்துணிவும் பிடிவாதமுமே சில வேளைகளில் அவர்களைத் தவறான வழியிலும் நெடுந்தொலைவு இழுத்துச் சென்றன. எண்ணம் தோன்றும்போதே இது மெய், இது பொய் என்று அதன் நெற்றியில் எழுதப்பட்டிருப்பதில்லை.

பொற்கொல்லர், நகையைக் கொணர்ந்தவர் செல்வரா வறியரா என்று நோக்குவதில்லை; உரைகல்லில் உரைத்தே பொன்னின் மாற்றை அறிகின்றார். அறிவியலின் உரைகல் சோதனை. கெப்ளர் தம் பொன்னைத் தாமே உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறைந்ததை வீசியெறிந்தார். அதனைத் தாமே செய்ய இயலாதவர்க்கு உலகத்து அறிஞர் கூடிச் செய்தனர்.

ஈர்ப்பு விதியைக் கண்டவர் பயின்றார் என்பதனால் இரசவாதம் மெய்யாகிவிடாது. இரசவாதம் பயின்றவர் கண்டார் என்பதனால் ஈர்ப்பு விதி பொய்யாகிவிடாது. ஆதலின், புகழ்மிக்க பெயர் ஒன்றைக் கேட்ட அளவிலே தலைவணங்கி நம்புதலும், ஒருவர் ஓரிடத்துத் தவறினமை கண்டு அவர் கூறிய அனைத்தையும் இகழ்தலும் ஆகிய இரண்டுமே அறிவுடையார்க்கு ஆகா. கூறியவரை மதித்தல் பண்பு; கூறியதைச் சோதித்தல் அறிவு. இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளுதல் கற்றோர் கடனாகும்.